ஏற ஓட்டோ, இறங்கக் கால்: பிள்ளைகளோடு மலைநாட்டில் நடப்பது பற்றி

கேள்வி சுருக்கமாக இது. மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பம் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நான்கு நாள் மலைநாட்டுக்கு வருகிறது. பத்து வயதில் ஒரு மகன், ஆறு வயதில் ஒரு மகள், முழங்கால் வலியோடு அம்மம்மா. “பிள்ளைகள் கல்லடிக் கடற்கரையில் சளைக்காமல் நடப்பார்கள். மலையில் எங்கே நடக்க விடலாம்? சிவனொளிபாத மலையும் உலக முடிவும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன, சரிதானே?”

முதலாவதை வெட்டிவிடுங்கள். இரண்டாவதை, ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் இருக்கும் அந்தப் பள்ளத்தை, பென்சிலால் எழுதி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். கீழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினால் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது இருபது வருடமாக என் தலையில்தான் விழுகிறது. அதில் தெரிந்துகொண்டது ஒன்று: பிள்ளைகளைக் களைக்க வைப்பது தூரம் இல்லை, திரும்பி வரும் வழி. கடற்கரையில் போன தூரமும் வரும் தூரமும் ஒன்று; எந்த இடத்தில் சலித்தாலும் அங்கேயே திரும்பலாம். மலையில் அந்தக் கணக்குச் செல்லாது. இங்கே பார்க்க வேண்டிய இடங்களில் பாதி பள்ளத்தில் கிடக்கின்றன. பதுளையில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம், இரண்டுக்கும் முதலில் இறக்கம். பிள்ளைகள் குதித்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கீழே ஓடிவிடுவார்கள். திரும்பும்போது ஏற்றம். அந்த நேரத்துக்குப் பசியும் வெயிலும் வந்திருக்கும், சின்னவள் உங்கள் தோளில் ஏறியிருப்பாள். ஆகவே என் முறை, ஏறுவதற்கு ஓட்டோ, இறங்குவதற்குக் கால். அது முடியாத இடத்தில், வெயில் ஏறுவதற்கு முன் ஏற்றத்தை முடித்துவிடுவது.

இன்னொன்று, படிகளைவிடத் தோட்டத்து ரோடுகள் நல்லவை. அந்தக் காலத்தில் தேயிலையை மாட்டு வண்டியில் இறக்குவதற்காக வெட்டிய ரோடுகள் அவை. மாடு இழுக்கக்கூடிய சரிவு என்றால் ஆறு வயதுப் பிள்ளை நடக்கக்கூடிய சரிவு. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்லப் பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் என்ற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதையும் பெரும்பாலும் இந்தப் பழைய தோட்டத்துப் பாதைகளைக் கோர்த்ததுதான். அதை 22 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் முதுகில் பையோடு நடந்து போவதைப் பார்த்துவிட்டு எங்கள் தோட்டத்து ஆட்கள், “பஸ் போகுதே, இதுங்க ஏன் நடக்குதுங்க?” என்று கேட்பது வழக்கம். முழுக் கட்டம் ஒவ்வொன்றும் உங்கள் பிள்ளைகளுக்கு நீளம். நடுவில் இரண்டு மூன்று கிலோமீற்றர் போய் வந்தால் போதும்.

ஓகஸ்டில் வருவது நல்லதுதான், பக்கம் பார்த்து வந்தால். கச்சான் காற்றைப் பற்றி மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதம் உங்கள் முகத்தில் அடிக்கிற அதே காய்ந்த காற்று ஊவாவிலும் அடிக்கிறது. தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடும். அதனால் அங்கே குடை, இங்கே பண்டாரவளை, எல்ல, பதுளையில் வெயில். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்தக் காய்ந்த காலம்தான். அப்போது எடுக்கிற கொழுந்துக்கு ஒரு தனி வாசம் உண்டு. எடுப்பவர்களுக்கு அந்த மாதங்களில் கிலோ நிறையாது, அது வேறு கதை.

சிவனொளிபாத மலையை வெட்டச் சொன்னதும் இதனால்தான். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. ஓகஸ்டில் பாதையில் விளக்கு இருக்காது, தேத்தண்ணிக் கடைகள் பூட்டியிருக்கும், நல்லதண்ணியில் மழை விடாது. 2,243 மீற்றர் உச்சி, ஐயாயிரத்துக்கும் மேல் படி. பருவத்தில் வந்தால் வேறு பேச்சு. என் அப்பாயி எழுபதைத் தாண்டி ஏறினார். இறங்கி வந்து ஒரு கிழமை எழும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, எங்கே போவது? நான்கு நாளில் ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லிப்டன் சீட்டைச் சொல்வேன். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் தம்பேதன்னையும் ஒன்று. அதற்கு மேலே, ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில், அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் இடம் அது. இப்போது அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஹப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதன்ன ஸ்டோர் வரை பத்துக் கிலோமீற்றர் போல. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அங்கிருந்து மேலே இன்னும் ஏழு கிலோமீற்றர், தேயிலைக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய ரோடு.

விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி ஓட்டோவில் போட்டாலும் பரவாயில்லை. ஆறரைக்கு மேலே நின்றால் தெற்கே மலை சட்டென்று விழுந்து, கீழே சமவெளி விரிந்து, தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரி பளபளக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு மேகம் கீழேயிருந்து ஏறத் தொடங்கும். பத்து மணிக்கு வந்தவர்கள் வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே சின்னக் கடை இருக்கிறது, ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கும். காற்று பலமாக அடிக்கும், தொப்பிகளைக் கட்டி வையுங்கள். அம்மம்மாவும் இவ்வளவு தூரம் ஓட்டோவிலேயே வந்துவிடலாம், இறங்கும்போதும் அவர் ஓட்டோவில், நீங்கள் காலில். முன்னால் ஒரு வளைவில் ஓட்டோவை நிறுத்தி வைக்கச் சொன்னால், சின்னவள் கால் வலி என்றதும் ஏற்றிவிடலாம். கூலியை மேலே போவதற்கு முன்பே பேசிவிடுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

இறங்கும் ஏழு கிலோமீற்றர் பிள்ளைகளோடு மூன்று மணித்தியாலம் எடுக்கும். எடுக்கட்டும். ரோட்டோரம் நம்பர் எழுதிய கற்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். தேயிலை மலை ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு, காலையில் வேலைக்காரர் எல்லாரும் கூடும் பிரட்டுக்களத்தில் “இன்றைக்கு ஏழாம் நம்பர்” என்று பிரித்து அனுப்புவார்கள். மகனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: தேயிலைச் செடிகளின் தலை ஏன் மேசை மாதிரி மட்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொழுந்து எடுப்பவர் செடிக்கு மேலே ஒரு மெல்லிய கம்பைக் கிடத்தியிருப்பார். மட்டக்கம்பு. அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் எடுக்க வேண்டியது. இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், கண் அடுத்த செடியில் இருக்கும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் வீசுவார், பார்க்காமலே கூடைக்குள் விழும். இடுப்பில் கட்டியிருப்பது படங்கு, செடிக் கிளை கிழிக்காமல் இருக்க. என் அக்கா மகள் ஐந்து நிமிடம் பறித்துப் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினாள். எட்டுக் கொழுந்து, விரல் நுனி கறுப்பு. தேயிலைக் கறை இரண்டு நாளைக்குப் போகாது.

பேச ஆசையிருந்தால் “வணக்கம்மா” என்று தொடங்கிப் பேசுங்கள், உங்கள் மட்டக்களப்புத் தமிழைக் கேட்டதும் அவர்களே ஊர் விசாரிப்பார்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். நிறுவை நேரம் நெருங்கினால் தொந்தரவும் வேண்டாம், கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். கொழுந்து மூட்டையோடு யாராவது எதிரே வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள், அவர்களை ஒதுங்க வைக்காதீர்கள். லயத்துக்குள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான், அது அடுத்தவர் வீடு.

குளவியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊருக்கு வருகிறவர்கள் சிறுத்தையையும் பாம்பையும் பற்றிக் கேட்பார்கள். எங்கள் பக்கத்துச் செய்தியில் மாதத்துக்கு ஒருமுறையாவது வருவது குளவிக் கொட்டு. உயரமான மரங்களிலும் பாறை விளிம்பிலும் கூடு தொங்கும். பருந்து இடித்தாலோ, காற்றில் கிளை முறிந்தாலோ, யாராவது கல்லெறிந்தாலோ கலைந்துவிடும். ஆகவே பிள்ளைகள் மரத்துக்குக் கல்லெறியக் கூடாது, இது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சென்ட் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். முன்னால் போகிற தோட்டத்து ஆட்கள் திடீரென்று ஓடினால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களும் ஓடுங்கள். கையை வீசி அடிக்காமல், பிள்ளையின் தலையையும் முகத்தையும் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு, கூட்டைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். பல இடத்தில் கொட்டியிருந்தால், மூச்சு முட்டினால், வாய் வீங்கினால் நேரே ஆஸ்பத்திரி. தேயிலைச் செடிகளுக்கு இடையில் புகுந்து குறுக்கே போகாமல் ரோட்டிலேயே நடப்பதும் இதற்காகத்தான். செடிக்குள்ளும் கூடு இருக்கும், வடிகான்களும் தெரியாது, விழுந்தால் கால் போய்விடும்.

அட்டை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஓகஸ்ட் வெயிலில் தேயிலை ரோட்டில் பார்க்கவே மாட்டீர்கள். காட்டுப் பாதையில் மழை பெய்தால் வரும். களிசானை மேஸுக்குள் செருகி, மேஸில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறினால் கொஞ்சம் உப்பு. இரத்தத்தைப் பார்த்து அம்மம்மா பதறாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஹப்புத்தளையிலேயே இன்னொரு நடை, அதிசம் பங்களாப் பக்கம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல் வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா நாட்களிலும் பார்க்க விடுகிறார்கள். அவர்கள் செய்து விற்கும் ஜாமும் கோடியலும் வாங்கலாம். பக்கத்தில் தங்கமலைக் காடு. ரோட்டில் வாகனத்தை விட்டுவிட்டு மர நிழலில் ஒரு கிலோமீற்றர் நடந்து திரும்பினாலே பிள்ளைகளுக்குப் பறவைச் சத்தம் காதில் நிறையும். இதற்கு அப்பால் இதல்கஸ்ஹின்ன வரை தண்டவாளத்தோடு நடக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நானும் இளவயதில் நடந்திருக்கிறேன். பிள்ளைகளோடு வேண்டாம். சுரங்கத்துக்குள் இருக்கும்போது கோச்சி வந்தால் ஒதுங்க இடமில்லை.

எல்லயில் கூட்டம் அதிகம், விலையும் அதிகம். ஆனாலும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு நாள் கொடுக்கலாம். சின்ன சிவனொளிபாதம் என்று சொல்கிற குன்று 1,141 மீற்றர். எல்ல டவுனே ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட என்பதால் ஏற்றம் அதிகமில்லை. முதலில் தேயிலைக்கு நடுவே சமமான ரோடு, கடைசியில் கொஞ்சம் படிக்கட்டு. ஒரு மணித்தியாலத்தில் மேலே நிற்பீர்கள். பெரிய மலைக்கு ஏற முடியாத உங்கள் மகன் பாடசாலையில் போய் “சிவனொளிபாதம் ஏறினேன்” என்று சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை. உச்சியில் முதல் மேட்டோடு நிறுத்துங்கள். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் பள்ளம், பாதை சறுக்கும். எல்ல ரொக் பக்கம் போகவே வேண்டாம், வழி குழப்பமானது, ஏற்றம் செங்குத்து.

ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் இரும்பு இல்லாமல் கட்டியது. இறங்கும் பாதை மழைக்குப் பிறகு வழுக்கும். காய்ந்த நாளில் போங்கள். ரயில் நேரத்தை ஸ்டேசனில் கேட்டுக்கொண்டு போய், பாலத்துக்கு மேலே நிற்காமல் பக்கத்து மேட்டில் உட்கார்ந்து பாருங்கள். ரயில் ஓடுகிற நாளாக இருந்தால் எல்லயிலிருந்து தெமோதரைக்கு ஒரு டிக்கெட் எடுப்பது நல்லது. அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்ற ஸ்டேசனுக்குக் கீழேயே சுரங்கத்தால் நுழைந்து போகிறது. இறங்கி நின்று, மேலே பார்த்த ரயிலைக் காலுக்கடியில் தேடும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம்.

உலக முடிவுக்கு வருகிறேன். ஹோர்ட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர். பெரியவர்களுக்கு மூன்று நான்கு மணித்தியாலம். இடையில் வாகனம் இல்லை, கடை இல்லை. என் தங்கை குடும்பத்தை ஒருமுறை கூட்டிப்போனேன். வான் பிந்தியது, டிக்கெட் வரிசை நீண்டது, நடக்கத் தொடங்கும்போது எட்டரை. உலக முடிவில் போய் நின்றால் எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. ஐந்து வயது மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, உலகம் முடிஞ்சிட்டுதா?” என்று கேட்டான். திரும்பும் பாதி வழி அவன் என் முதுகில். ஆகவே, ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க முடியுமென்றால் மட்டும், அப்பாவும் மகனும் போகட்டும். சின்னவளும் அம்மம்மாவும் அம்மாவோடு கீழே இருக்கட்டும். விளிம்பில் மகனின் கையை விடக்கூடாது. வாசலில் பொலித்தீனைச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்துவிடுவார்கள். சாப்பாட்டை லஞ்ச்ஷீட்டில் கட்டாமல் டிபன் பெட்டியில் கொண்டுபோங்கள். வாசலுக்கு அருகில் மரைகள் புல் மேயும். அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள், கொடுக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் மற்றவர்கள் நுவரெலியாவில் என்ன செய்வது? கிரகரி வாவி ஓரம் சமதரை, அம்மம்மாவும் நடக்கலாம். இல்லையென்றால் ஹக்கலைப் பூங்கா, 1861இல் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது. பாதைகள் சரிவானவை, ஆனால் இருக்கைகள் நிறைய. போகும் வழியில் சீதா எலிய அம்மன் கோயிலில் இறங்கலாம். ஓகஸ்டில் நுவரெலியாவில் தூறலும் குளிரும் இருக்கும், குடை இல்லாமல் போக வேண்டாம். கண்டியை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள், பெரஹரா ஊர்வல நாட்களில் அங்கே நடக்க முடியாது, நிற்கத்தான் முடியும். தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தடாகங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். பாறை வழுக்கும், பிள்ளைகளோடு கூடாது.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. போனில் இருக்கும் வரைபடத்தில் பாதை இருக்கும், மலையில் இருக்காது. ஒவ்வொரு நாளும் தங்கும் இடத்தில், அல்லது ஓட்டோக்காரரிடம், “அந்த ரோடு சரியா இருக்கா?” என்று கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், உங்கள் பிரதேசம் அதில் இருந்தால் நடையை விட்டுவிட்டு அறையில் கரம் விளையாடுங்கள்.

துன்ஹிந்தவைத் திரும்பும் நாளுக்கு வையுங்கள், எப்படியும் செங்கலடி ரோட்டைப் பிடிக்கப் பதுளைக்கு வருவீர்கள்தானே. 64 மீற்றர் நீர்வீழ்ச்சி, ரோட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட நடக்க வேண்டும், கடைசியில் படி. அம்மம்மா பாதி வழியில், நீர்வீழ்ச்சி தூரத்தில் தெரியும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். குரங்குகள் பிள்ளைகளின் கையிலிருப்பதைப் பறிக்கும், சாப்பாட்டை வானிலேயே விட்டுப் போங்கள். ஏறி வந்ததும் வாசலில் அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தால் பசறை வரைக்கும் சத்தமிருக்காது. லுணுகலை தாண்டி இறங்க இறங்கச் சூடு தெரியும். ஸ்வெட்டரைப் பிபிலையில் கழற்றினால் போதும்.